சுரங்க எல்லைக்குள் ஒரு பழைய ஹோம்ஸ்டெட்: அமெரிக்க மேற்கில் தொல்லியல் ஆய்வு நடக்கும் விதம்

வயோமிங்கின் வடகிழக்கிலும் மொன்டானாவின் தென்கிழக்கிலும் விரிந்து கிடக்கும் பவுடர் ரிவர் படுகைதான் அமெரிக்காவில் மிக அதிகமாக நிலக்கரி வெட்டப்படும் பகுதி. அங்கே திறந்தவெளிச் சுரங்கத்தை விரிவாக்க வரைபடம் போடும்போது எல்லைக்குள் சின்னச் சின்னப் புள்ளிகள் வந்து விழும். அருகில் போய்ப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. நான்கைந்து மீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம், ஓரத்தில் சில தட்டைக் கற்கள், துருவேறிய தகர டப்பாக்கள், அடுப்பின் உடைந்த வார்ப்பிரும்புக் கதவு, யாரோ நட்டுவிட்டுப் போன ஒரு லைலாக் புதர். நூறு வருடத்துக்கு முன் ஒரு குடும்பம் அரசிடம் ஏக்கர் கணக்கில் நிலம் கேட்டு விண்ணப்பித்து வாழ்ந்த வீட்டின், அதாவது ஹோம்ஸ்டெட்டின், மிச்சம் அது.

இப்படிப்பட்ட இடங்கள் மேற்கு மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் உள்ளன. அதனாலேயே பல ஆய்வறிக்கைகள் அவற்றை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன: "தகரக் குப்பை, கட்டடம் இல்லை, முக்கியத்துவம் இல்லை." இந்த அவசரம் தவறானது. அரசு ஆவணங்களில் சத்தியம் செய்து எழுதிக்கொடுக்கப்பட்டதையும் மண்ணில் உண்மையில் கிடப்பதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வாய்ப்பு இந்த இடங்களில் கிடைக்கிறது. அந்த ஒப்பீட்டைச் செய்யாமல் ஓர் இடத்துக்கு மதிப்பில்லை என்று எழுதினால் அது முடிவாகாது, வெறும் ஊகம்தான்.

நிலமும் கனிமமும் ஏன் மோதிக்கொள்கின்றன

1862-இன் ஹோம்ஸ்டெட் சட்டம் 21 வயது நிறைந்த எவரும், அல்லது குடும்பத் தலைவராக இருக்கும் எவரும், 160 ஏக்கர் அரசு நிலத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. குடிமகனாகவோ குடியுரிமை பெற எண்ணம் தெரிவித்தவராகவோ இருக்க வேண்டும். திருமணமாகாத பெண்களும் கைம்பெண்களும் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பித்தும் இருக்கிறார்கள். வீடு கட்டி, நிலத்தை உழுது, ஐந்து ஆண்டுகள் குடியிருந்து, சாட்சிகளோடு வந்து நிரூபித்தால் பட்டா. 1912-இல் இந்த ஐந்தாண்டு மூன்றாண்டாகக் குறைந்தது. மழை குறைந்த மேற்குச் சமவெளியில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் போதவில்லை. அதனால் 1909-இல் 320 ஏக்கர், 1916-இன் கால்நடை வளர்ப்பு ஹோம்ஸ்டெட் சட்டத்தில் 640 ஏக்கர் என்று அளவு கூடியது. மொத்தமாக 16 லட்சம் பட்டாக்கள், சுமார் 27 கோடி ஏக்கர் நிலம் இப்படிக் கைமாறின.

சுரங்கத்தோடு முடிச்சுப் போடுவது 1916-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்கீழ் பட்டா வாங்கியவருக்கு மேற்பரப்பு மட்டுமே சொந்தம், அடியிலுள்ள கனிமம் முழுவதும் கூட்டாட்சி அரசுக்கு. நிலக்கரிக்கு இந்தப் பிரிப்பு அதற்கும் முன்பே வந்துவிட்டது. ஆள் வைத்துப் போலி ஹோம்ஸ்டெட் விண்ணப்பங்கள் போட்டு நிலக்கரி நிலத்தை வளைத்துப் போடுகிறார்கள் என்ற புகார் பெருகவே, 1906-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் சுமார் 6.6 கோடி ஏக்கர் நிலத்தைக் குடியேற்றத்திலிருந்து விலக்கி வைத்தார். பிறகு 1909, 1910 சட்டங்கள் நிலக்கரி உரிமையை அரசிடம் வைத்துக்கொண்டு மேற்பரப்பை மட்டும் கொடுத்தன. இன்று ஒரு பண்ணையாருக்குச் சொந்தமான புல்வெளிக்கு அடியில் அரசின் நிலக்கரி இருப்பது இதனால்தான். அந்த நிலக்கரியைக் குத்தகைக்கு விடுவது அரசு. அரசு முடிவெடுக்கும் இடத்தில் தொல்லியல் ஆய்வும் கட்டாயமாகிறது.

கட்டாயம் எப்போது, எப்போது இல்லை

1966-இன் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, கூட்டாட்சி அமைப்பு எதுவும் ஒரு திட்டத்துக்குப் பணமோ அனுமதியோ உரிமமோ கொடுக்கும் முன் அது வரலாற்று இடங்களை எப்படிப் பாதிக்கும் என்று பார்க்கச் சொல்கிறது. பார்க்கத்தான் சொல்கிறதே தவிர, காப்பாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் "சட்டம் இருக்கிறது, இடிக்க முடியாது" என்று உள்ளூர் மக்கள் நம்பிப் பிறகு ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது.

நிலமும் கனிமமும் முழுக்கத் தனியாருடையதாக இருந்து, கூட்டாட்சி அனுமதி எதுவும் தேவைப்படாவிட்டால் 106-ஆம் பிரிவு வராது. அப்போது மாநிலச் சட்டம் என்ன சொல்கிறதோ அதுதான். அரசு நிலத்தில் தங்கம், செம்பு போன்ற உலோகக் கனிமம் தேடும்போதும் ஓர் இடைவெளி உண்டு. 5 ஏக்கர் அல்லது அதற்குக் குறைவாக நிலத்தைக் கிளறும் ஆய்வுப் பணிக்கு நில மேலாண்மைப் பணியகத்திடம் அறிவிப்புக் கொடுத்தால் போதும், அனுமதி வாங்க வேண்டியதில்லை. அனுமதி இல்லாததால் முழு ஆய்வும் தொடங்குவதில்லை. துளையிடும் லாரிக்குப் பாதை போடும் இந்தக் கட்டத்தில்தான் பல வீட்டுத் தடங்கள் பதிவாகாமலே நசுங்கிப் போகின்றன.

நிலக்கரிக்கு இன்னொரு சட்டமும் உண்டு. 1977-இன் மேற்பரப்புச் சுரங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம், தேசிய வரலாற்று இடப் பதிவேட்டில் ஏறிய இடத்தைப் பாதிக்கும் சுரங்கத்தை, உரிய அமைப்புகள் சேர்ந்து ஒப்புக்கொண்டாலொழியத் தடுக்கிறது. கல்லறைத் தோட்டத்துக்கு 100 அடிக்குள் தோண்டக் கூடாது. ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு, உரிமையாளர் விட்டுக்கொடுத்தாலன்றி, 300 அடிக்குள் வரக் கூடாது. பாழடைந்த ஹோம்ஸ்டெட்டில் ஆள் இல்லை, அதனால் இந்த 300 அடி அதற்குப் பொருந்தாது.

களத்துக்குப் போகும் முன் காகிதம்

நல்ல ஆய்வில் பாதி வேலை காப்பகத்தில் முடிந்துவிடும். மேற்கின் நிலம் டவுன்ஷிப்புகளாக அளக்கப்பட்டது. ஒரு டவுன்ஷிப் 6 மைலுக்கு 6 மைல். அதில் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். கால் செக்‌ஷன் என்றால் 160 ஏக்கர், பக்கத்துக்கு அரை மைல், அதாவது 805 மீட்டர். பட்டாவில் "14-ஆம் செக்‌ஷனின் வடகிழக்குக் கால்" என்று இருந்தால் வீடு அந்த 805 மீட்டர்ச் சதுரத்துக்குள் எங்கோ இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். எந்த மூலையில் என்று பட்டா சொல்லாது.

அதைச் சொல்லும் காகிதங்கள் வேறு. பொது நில அலுவலகத்தின் அளவையாளர்கள் எழுதிவைத்த களக்குறிப்புகளில் அவர்கள் கோடு இழுத்துப் போகும் வழியில் கண்ட வேலி, வாய்க்கால், வண்டித்தடம், குடில் எல்லாம் இருக்கும். ஆனால் அளவை பெரும்பாலும் குடியேற்றத்துக்கு முந்தையது என்பதால் வெற்று வரைபடத்தைக் கண்டு "இங்கே யாரும் வாழவில்லை" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 1930-களிலிருந்து வேளாண்மைத் துறைக்காக எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளை வான்படங்கள் மிக உதவும். கூரை போய்விட்டாலும் உழுத வயலின் ஓரம், தொழுவத்தின் கருமை, வீட்டுக்கு வரும் ஒற்றைப் பாதை ஆகியவை படத்தில் தெளிவாக நிற்கும்.

எல்லாவற்றிலும் விலைமதிப்பானது தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள ஹோம்ஸ்டெட் கோப்பு. இறுதி நிரூபணத்தின்போது விண்ணப்பதாரர் தன் வீட்டின் அளவு, அறைகள், கிணற்றின் ஆழம், வேலியின் நீளம், உழுத ஏக்கர், எத்தனை மாதம் வெளியூர் போயிருந்தார் என்பதையெல்லாம் சத்தியப் பிரமாணத்தில் சொல்லியிருப்பார். நிரூபணத்துக்கு முன் உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பு வெளியிட வேண்டும் என்று 1879-இல் விதி வந்தது. அதில் சாட்சிகளின் பெயர்கள் இருக்கும். அந்தப் பெயர்கள் பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரர்கள். சுரங்க எல்லைக்குள் ஐந்து தடங்கள் இருந்தால் இந்த அறிவிப்புகளை வைத்தே அவர்கள் ஒருவருக்கொருவர் யார் என்று ஒரு வலை போட்டுவிடலாம்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இணையத்தில் தேடக் கிடைப்பவை முடிந்த பட்டாக்கள். விண்ணப்பித்து, வீடு கட்டி, இரண்டு வறட்சியில் நொடிந்து விட்டுப் போனவர்களின் பெயர் பட்டாப் பட்டியலில் வராது. அவர்கள் நிலப் பதிவுப் புத்தகங்களில் "ரத்து" அல்லது "கைவிட்டது" என்ற குறிப்போடு மட்டும் இருப்பார்கள். 1917-இலிருந்து 1921 வரை மொன்டானாவைத் தாக்கிய வறட்சியில் அப்படிப் போனவர்கள் ஏராளம். பட்டா 1924-இல் ஒருவர் பெயரில் இருக்கும், வீட்டுக்குப் பின்னாலுள்ள குப்பையோ 1915-ஐக் காட்டும். ஆய்வாளர் குப்பையின் காலக் கணிப்பைச் சந்தேகிப்பார். உண்மையில் அது முன்னவருடைய குப்பை.

1890-இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 1921-இல் நடந்த தீ விபத்தில் பெரும்பாலும் அழிந்துபோயின. அதனால் 1880-க்கும் 1900-க்கும் நடுவில் வந்து போன குடும்பத்தை அறிய வரிப்பதிவு, நீருரிமைப் பதிவு, பள்ளிப் பதிவு ஆகியவைதான் துணை.

பவுடர் ரிவர் பகுதிக்கே உரிய ஒரு காரணமும் கவனிக்கத்தக்கது. 1937-இன் பாங்க்ஹெட் ஜோன்ஸ் சட்டத்தின்கீழ் அரசு நொடிந்த பண்ணைகளை விலைக்கு வாங்கி மீண்டும் புல்வெளியாக்கியது. இன்றைய தண்டர் பேசின் தேசியப் புல்வெளி அப்படி உருவானது. வாங்கிய நிலத்தில் நின்ற கட்டடங்கள் திட்டமிட்டே அகற்றப்பட்டன. ஆகவே அங்கே வீடு இல்லாதது, யாரும் நன்றாக வாழவில்லை என்பதற்கு ஆதாரமாகாது. கட்டடத்தைக் கழித்துவிட்டு மண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்.

நடை

முழு அளவிலான தரை ஆய்வு என்றால் ஆட்கள் வரிசையாக, ஒருவருக்கொருவர் 30 மீட்டருக்கு மேல் இடைவெளி விடாமல், நேர்கோட்டில் நடந்து தரையைப் பார்ப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு செக்‌ஷனின் பக்கம் 1,609 மீட்டர். 30 மீட்டருக்கு ஒரு கோடு என்றால் 54 கோடுகள், மொத்தம் சுமார் 87 கிலோமீட்டர் நடை. ஒருவர் ஒரு நாளில் 40 ஏக்கர் பார்ப்பார் என்று வைத்துக்கொண்டால் நான்கு பேர் குழுவுக்கு நான்கு நாள். இது எதையும் கண்டுபிடிக்காதபோது. ஒரு ஹோம்ஸ்டெட் அகப்பட்டால் அதைப் பதிவு செய்ய மட்டும் கூடுதலாக ஒரு முழு நாள் வேண்டும். ஏலத்தில் குறைந்த விலை சொல்லிவிட்டு வருபவர்கள் இந்த நாளைத்தான் வெட்டுகிறார்கள்.

30 மீட்டர் இடைவெளி வீட்டைப் பிடித்துவிடும், கழிப்பறைக் குழியைத் தவறவிடும். எனவே முதல் பொருள் தட்டுப்பட்டதும் கோட்டை விட்டு நின்று, இடைவெளியை 3 முதல் 5 மீட்டராகச் சுருக்கித் திரும்ப நடக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் சாய்வான வெயிலில் பள்ளங்கள் நிழல் கட்டித் தெரியும். உச்சி வெயிலில் அதே பள்ளம் கண்ணுக்குத் தட்டையாகிவிடும். பனி மூடிய தரையிலோ புல் உயர்ந்த ஜூன் மாதத்திலோ நடந்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று எழுதுவது பொய்க்குச் சமம். தரை எத்தனை சதவீதம் கண்ணுக்குத் தெரிந்தது என்பதை ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக எழுத வேண்டும்.

1970-களின் ஆய்வறிக்கையைக் காட்டி "இந்த இடம் ஏற்கெனவே பார்க்கப்பட்டது" என்று நிறுவனம் சொல்லும்போது கவனம் தேவை. 50 ஆண்டு நிறைந்ததையே வரலாற்று இடமாக எடுத்துக்கொள்வது வழக்கம். 1978-இல் நடந்த ஆய்வு 1928-க்குப் பிந்தைய வீட்டைப் பதிவு செய்திருக்காது. அந்தக் காலத்து ஆய்வாளர்கள் பலர் கல்லாயுதங்களை மட்டுமே தேடினார்கள் என்பதும் உண்மை.

ஒரு வீட்டைச் சுற்றி எதைத் தேடுவது

முதலில் தண்ணீர். ஊற்று, கிணறு, மழைநீர்த் தொட்டி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இல்லாமல் வீடு இல்லை. அடுத்தது வீடு நின்ற இடம். இது அஸ்திவாரக் கற்களாகவோ, மேட்டைக் குடைந்து கட்டிய குடிலின் சரிந்த பள்ளமாகவோ, தார்த்தாள் போர்த்திய பலகைக் குடில் நின்ற வெறும் சமதளமாகவோ இருக்கலாம். பலகைக் குடில்களைச் சறுக்குக் கட்டைகளில் ஏற்றி இழுத்துப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மிஞ்சுவது ஆணியும் சன்னல் கண்ணாடிச் சில்லும் மட்டுமே.

வீட்டிலிருந்து தள்ளிப் போகப் போகக் காய்கறி நிலவறை, கழிப்பறை, கோழிக்கூடு, தொழுவம், சாம்பல் குவியல், கடைசியாக அருகிலுள்ள ஓடையின் கரையில் குப்பை. கழிப்பறைக் குழி சிறியது. மேலே தளர்ந்த மண்ணும் சற்றே பசுமையான செடியும் காட்டிக்கொடுக்கும். அதன் மீது அண்மையில் தோண்டிய மண்மேடு இருந்தால் பாட்டில் சேகரிப்பவர்கள் வந்து போய்விட்டார்கள் என்று பொருள். அதற்காக அந்தக் குழியைக் கைவிட வேண்டாம். அவர்கள் முழுப் பாட்டிலை எடுத்துக்கொண்டு விதை, எலும்பு, பொத்தான், மருந்துச் சீசாச் சில்லு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போவார்கள்.

செடிகளும் சான்றுதான். லைலாக், ஐரிஸ், ருபார்ப் ஆகியவை அந்த வறண்ட புல்வெளிக்குத் தாமாக வருவதில்லை. அவை வளரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாசல் இருந்திருக்கும்.

கற்குவியல் கண்டால் நிதானம் வேண்டும். அது செக்‌ஷன் மூலையைக் குறிக்கும் அளவைக் கல்லாக இருக்கலாம், அதை நகர்த்துவது கூட்டாட்சிக் குற்றம். பழைய கனிம உரிமை கோரியவர் வைத்த அடையாளமாகவும் இருக்கலாம். அவர்கள் உரிமைக் காகிதத்தைப் புகையிலைத் தகரத்துக்குள் மடித்துக் கல்லுக்கு நடுவே செருகி வைப்பார்கள். வீட்டிலிருந்து தள்ளிக் கிடக்கும் ஒற்றைப் புகையிலைத் தகரத்தைக் குப்பை என்று கணக்கில் சேர்க்கும் முன் சுற்றிலும் பார்க்க வேண்டும். பழங்குடி மக்களின் கல்லமைப்பாகவும் அது இருக்கலாம். நல்ல தண்ணீர் உள்ள இடத்தை ஹோம்ஸ்டெட்காரர் முதலில் கண்டுபிடித்ததில்லை. வீட்டுத் தடத்துக்கு அடியிலேயே ஆயிரமாண்டு பழைய கல்லாயுதப் படுகை இருப்பது வழக்கமான செய்தி.

காலத்தைக் கணிப்பது

இந்த இடங்களின் காலத்தைத் தொழிற்சாலைப் பொருள்கள்தான் சொல்கின்றன. தகடிலிருந்து வெட்டிய சதுர ஆணியைக் கம்பி ஆணி 1890-ஐ ஒட்டி ஓரங்கட்டியது. கம்பி ஆணி மட்டுமே இருந்தால் வீடு அதற்குப் பிந்தையது. வெயில் பட்டு ஊதா நிறமாகிய கண்ணாடியில் மாங்கனீசு இருக்கிறது, அது பெரும்பாலும் 1880-களுக்கும் 1920-க்கும் இடைப்பட்டது. பாட்டிலின் பக்கத் தையல் கோடு வாய் விளிம்பையும் தாண்டி மேலே போனால் அது தானியங்கி இயந்திரத்தில் வார்த்தது, 1903-க்குப் பிந்தையது. சோடா, பீர் பாட்டில்களின் நெளிவிளிம்பு உலோக மூடியான கிரீடமூடி வந்தது 1892-இல். பீங்கான் தட்டின் அடியில் நாட்டின் பெயர் இருந்தால் 1890-இன் சுங்கச் சட்டத்துக்குப் பிறகு இறக்குமதியானது.

தகர டப்பாவில்தான் நுட்பம் அதிகம். மூடியின் நடுவில் ஈயப் பற்றுவைப்புச் சொட்டு இருந்தால் பழையது, இரட்டை மடிப்பு விளிம்போடு சொட்டு இல்லாமல் இருந்தால் 1904-க்குப் பிந்தைய வகை என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் சுண்டக் காய்ச்சிய பால் டப்பாக்களில் அந்தச் சொட்டு பல பத்தாண்டுகள் கழித்தும் தொடர்ந்தது. ஹோம்ஸ்டெட் குப்பையில் பாதி பால் டப்பாதான். இதை அறியாதவர் 1930-களின் குப்பையை 1900 என்று எழுதிவிடுவார். பால் டப்பாவின் உயரத்தையும் விட்டத்தையும் அங்குலத்தின் 16-இல் ஒரு பங்கு துல்லியத்தில் அளந்தால் மட்டுமே காலம் பிடிபடும். "சுமார் 4 அங்குலம்" என்ற பதிவு எதற்கும் உதவாது.

அச்சிட்ட தேதியும் ஏமாற்றும். ஊறுகாய்ச் சீசாக்களில் "1858 நவம்பர் 30 காப்புரிமை" என்று வார்த்திருக்கும். அந்த அச்சு அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் பயன்பட்டது. காப்புரிமைத் தேதி கீழ் எல்லையை மட்டுமே சொல்லும். முள்கம்பிக்கும் அதே விதி, கிளிடன் என்பவர் 1874-இல் காப்புரிமை பெற்ற வகை இன்றும் வேலியில் இருக்கிறது. ஓவன்ஸ்-இல்லினாய் நிறுவனத்தின் பாட்டில் அடியில் சின்னத்துக்கு இடப்பக்க எண் ஆலையையும் வலப்பக்க எண் ஆண்டையும் காட்டும். ஒற்றை இலக்கம் 2 என்றால் 1932-ஆ 1942-ஆ? எண்ணுக்குப் பின் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், 1940-களில் அது சேர்ந்தது.

கைவிடப்பட்ட வீட்டைப் பின்னால் வந்த வேட்டைக்காரர்களும் மாடு மேய்ப்பவர்களும் பயன்படுத்தியிருப்பார்கள். "இந்தப் பாட்டிலை மீண்டும் விற்கவோ பயன்படுத்தவோ கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது" என்ற வாசகம் கொண்ட மதுப்புட்டி 1935-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. பீர் தகரம் 1935-க்கு முன் இல்லை, இழுத்துத் திறக்கும் வளையம் 1960-களில்தான் வந்தது. இவற்றை வீட்டுக்காரரின் குப்பையோடு கலந்து சராசரி எடுத்தால் காலம் இருபது முப்பது ஆண்டுகள் நகர்ந்துவிடும். ஒவ்வொரு குவியலையும் தனித்தனியாக எண்ணிக் காலம் குறிக்க வேண்டும்.

மதிப்பிடும் இடம்

தேசிய வரலாற்று இடப் பதிவேட்டில் ஏறும் தகுதி நான்கு வழிகளில் வரலாம்: முக்கிய வரலாற்று நிகழ்வோடு தொடர்பு, முக்கிய நபரோடு தொடர்பு, கட்டடக்கலைச் சிறப்பு, தகவல் தரும் ஆற்றல். இவற்றோடு இருப்பிடம், வடிவமைப்பு, சூழல், பொருள், கைவேலை, உணர்வு, தொடர்பு ஆகிய ஏழு வகையிலும் அந்த இடம் எவ்வளவு மாறாமல் இருக்கிறது என்று பார்ப்பார்கள். கட்டடமே இல்லாத தடத்துக்கு முதல் மூன்று வழிகள் கடினம். நான்காவதில்தான் வழக்கு நிற்கிறது.

அங்கேதான் அந்தச் சத்தியப் பிரமாணம் பயன்படுகிறது. கோப்பில் ஐந்து பேர் குடும்பம் ஐந்தாண்டு தொடர்ந்து குடியிருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று வையுங்கள். தரையில் இருபது முப்பது டப்பா, ஒரு அடுப்புத் துண்டு, கழிப்பறையே இல்லை. அந்தக் குடும்பம் கோடையில் மட்டும் வந்து போனதா, அல்லது வேறு யாருக்காகவோ போட்ட போலி விண்ணப்பமா? நிலக்கரி நிலத்தில் இந்தக் கேள்விக்கு நேரடி வரலாற்று எடை உண்டு. மாறாக, கைவிட்டதாக ரத்தான விண்ணப்பத்தின் நிலத்தில் ஆழமான கிணறும் நிலவறையும் பொம்மைத் துண்டும் பள்ளிச் சிலேட்டும் கிடந்தால், காகிதத்தில் தோற்றவர் மண்ணில் எத்தனை உழைத்தார் என்பதை வேறெந்த மூலமும் சொல்லாது.

யாருடைய ஹோம்ஸ்டெட் என்பதும் மதிப்பை மாற்றும். கொலராடோவின் டியர்ஃபீல்டு 1910-இல் ஓ.டி. ஜாக்சன் தொடங்கிய கறுப்பினக் குடியேற்றம். வயோமிங்கில் எம்பயர் என்ற ஊரும் கறுப்பினக் குடும்பங்கள் அமைத்தது. தனித்து விண்ணப்பித்த பெண்கள், தங்கள் முன்னோர் நிலத்திலேயே விண்ணப்பம் போட வேண்டியிருந்த பழங்குடியினர் ஆகியோரின் தடங்களும் தரையில் மற்றதைப் போலவே தகரக் குப்பையாகத்தான் தெரியும். பெயரைத் தேடாதவருக்கு வித்தியாசம் தெரியாது.

தகவல் ஆற்றல் இருக்கிறதா என்று மேலோட்டமாகப் பார்த்துச் சொல்ல முடியாது. குறைந்தது சில சோதனைக் குழிகள் வேண்டும். 30 முதல் 50 சென்டிமீட்டர் அகலக் குழிகள், மண் முழுவதும் கால் அங்குலச் சல்லடையில். கழிப்பறை, சாம்பல் குவியல் மண்ணுக்கு எட்டில் ஓர் அங்குலச் சல்லடை, அதிலிருந்து ஒரு பகுதியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு விதை பிரிப்பது. காந்தமானி இரும்பையும் எரிந்த மண்ணையும் காட்டும், ஆனால் தரையெங்கும் தகரம் இறைந்த இடத்தில் அதன் படம் வெறும் இரைச்சல். அங்கே தரை ஊடுருவு ராடாரோ மின்தடை அளவையோ பொருத்தம். தொழுவம் எங்கே இருந்தது என்பதை மண்ணின் பாஸ்பேட் அளவு சொல்லிவிடும்.

பாதிப்பின் எல்லை

சுரங்கக் குழியின் விளிம்போடு ஆய்வு எல்லையை நிறுத்துவதுதான் மிகப் பெரிய கோளாறு. கழிவுப் பாறைக் குவியல், மேல்மண் சேமிப்பு, லாரிப் பாதை, மின்கம்பி, நீர்க்குழாய் எல்லாம் எல்லைக்குள் வர வேண்டும். குழியில் ஊறும் நீரை இறைக்கும்போது சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் இறங்கி, ஹோம்ஸ்டெட் இருந்ததற்கே காரணமான ஊற்று வற்றும். வெடி அதிர்வுக்கு நிலக்கரி விதிகள் குடியிருப்புகளுக்கு வரம்பு வைத்திருக்கின்றன: வெடிக்கும் இடத்திலிருந்து 300 அடி வரை தரை அதிரும் வேகம் நொடிக்கு 1.25 அங்குலம், 5,000 அடி வரை 1.00, அதற்கு அப்பால் 0.75. ஆள் இருக்கும் வீட்டை மனத்தில் வைத்துப் போட்ட எண்கள் இவை. சாந்தில்லாமல் அடுக்கிய கற்சுவரும், மூலைப் பொருத்து உளுத்த மரக்கட்டைச் சுவரும் எவ்வளவு தாங்கும் என்று இவற்றிலிருந்து ஊகிக்க முடியாது. சுவர் நின்றுகொண்டிருந்தால் முதல் வெடிக்கு முன்பே விரிசல்களைப் படமெடுத்து, அதிர்வுமானி பொருத்த வேண்டும். புதுச் சாலை வருவதால் திருட்டும் கூடும். பாதிப்புப் பட்டியலில் இதை எழுத மறந்துவிடுகிறார்கள்.

தகுதியுள்ள இடம் பாதிக்கப்படும் என்று முடிவானால் மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலரும் பழங்குடி அரசுகளும் வழித்தோன்றல்களும் கலந்து பேசி ஒப்பந்தக் குறிப்பாணை எழுதுவார்கள். கூட்டாட்சி அமைப்பின் முடிவுக்குப் பதில் சொல்ல மாநில அலுவலருக்கு 30 நாள் அவகாசம். பாதையை 50 மீட்டர் நகர்த்தி இடத்தைத் தவிர்ப்பதே பெரும்பாலும் மலிவானது. அதற்குச் சுரங்க வடிவமைப்பு உறுதியாகும் முன்பே ஆய்வு முடிந்திருக்க வேண்டும். தவிர்த்த இடத்தைச் சுற்றிப் பளிச்சென்ற வேலி போட்டால் கொள்ளைக்காரருக்கு வழிகாட்டியாகிவிடும். இயந்திரம் ஓட்டுபவரின் வரைபடத்தில் "நுழையாதே" பகுதியாகக் குறிப்பதும், பணி நடக்கும் நாள்களில் கண்காணிப்பாளர் நிற்பதும் மேல்.

தவிர்க்க முடியாதபோது அகழ்வு. கழிப்பறை, நிலவறை, குப்பைக் குவியல் ஆகியவற்றில் காலம் சுத்தமாகப் பிரிந்திருப்பதை முழுதாகத் தோண்டுவது, வீட்டுத் தளத்தை ஒரு மீட்டர்ச் சதுரங்களாகத் திறப்பது. அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ உயிரோடிருந்தால் அகழ்வுக்கு முன்பே அவர்களிடம் பேச வேண்டும். கிணறு எங்கே என்று சொல்லிவிடுவார்கள்.

கல்லறை

மருத்துவர் எட்டாத தொலைவில் பிறந்த குழந்தைகள் வீட்டருகே புதைக்கப்பட்டார்கள். கல்லில் பெயர் இருக்காது, மரச் சிலுவை எப்போதோ எரிந்திருக்கும். நீள்வட்டமாக அடுக்கிய கற்கள், கிழக்கு மேற்காகத் தாழ்ந்த சிறு பள்ளம், வீட்டை விட்டுத் தள்ளி ஒற்றையாகப் பூக்கும் ஐரிஸ் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அங்கே சோதனைக் குழி போடக் கூடாது. இறப்புப் பதிவும் தேவாலயப் பதிவும் பார்த்து, ராடார் ஓட்டி, வழித்தோன்றல்களைக் கேட்ட பிறகே அடுத்த அடி. மேல்மண் வழிக்கும்போது எலும்பு தென்பட்டால் இயந்திரத்தை நிறுத்தி, மாவட்ட மரண விசாரணை அதிகாரிக்கும் நிலத்தை நிர்வகிக்கும் அரசு அமைப்புக்கும் அதே நேரத்தில் தகவல் தர வேண்டும். யார் யாரை அழைப்பது, எத்தனை மீட்டர் சுற்றளவு மூடுவது என்பது பணி தொடங்கும் முன்பே எழுதி, ஷிப்ட் மேற்பார்வையாளர் கையில் இருக்க வேண்டும். பெரிய சுரங்கத்தில் இரவு ஷிப்டிலும் மண் வழிப்பார்கள். தொல்லியலாளர் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்.

அகழ்ந்த பொருள் யாருக்கு என்பதையும் முன்கூட்டியே முடித்துக்கொள்வது நல்லது. அரசு நிலத்தில் எடுத்தது அரசுக்குச் சொந்தம், அங்கீகரித்த காப்பகத்துக்குப் போகும், அதற்கான பெட்டிக் கட்டணம் திட்டச் செலவில் சேரும். தனியார் மேற்பரப்பில் எடுத்தது நில உரிமையாளருடையது, அடியிலுள்ள நிலக்கரி அரசுடையதாக இருந்தாலும். அவர் கையெழுத்திட்ட நன்கொடைப் பத்திரம் இல்லாமல் தோண்டினால் அறிக்கை எழுதி முடித்த மறுவாரம் அத்தனை பொருளும் அவர் வீட்டுக் கொட்டகைக்குத் திரும்பிவிடும், அடுத்து வரும் ஆய்வாளர் எண்ணிக்கையைச் சரிபார்க்க வழியிருக்காது.